வழி எழுதாத விடை

ஸ்ரீரங்கம்,
வெகுதானிய வருஷம் ஆடி மாதம் 6-ந் தேதி

சௌபாக்கியவதி வேதவதிக்கு அநேக ஆசீர்வாதம்.

இங்கே நானும் வத்ஸலாவும் ரங்கநாதன் கிருபையில் சௌக்கியம். அங்கே நீயும் குமுதாவும் குழந்தையும் சௌக்கியம் என்று உன் கார்டிலிருந்து ஊகித்துக்கொண்டேன். ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. நீ எழுதியதே மூன்று வரி. குழந்தை சௌக்கியம், பால் குடிக்கிறது, பையன் நல்ல பையன் முடித்துவிடுங்கோ. முதல் இரண்டு வரி நாகபுரியில் இருக்கும் பேத்தியைப் பற்றியது, மூன்றாவது வரி வைகாசியில் நம் வத்ஸலாவைப் பார்த்துவிட்டுப் போன கோபுவைப் பற்றியது என்று பிரித்துக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒன்றரை மாதமாக ஊரில் இல்லாத மனுஷிக்கு எழுத இவ்வளவுதானா விஷயம்? கார்டில் பாதி இடம் வெறுமையாக இருந்தது. பரீட்சைத் தாளில் இப்படி இடம் விட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

காவேரியில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது. செம்மண் நிறமாகப் போகிறது. அம்மாமண்டபத்தில் நான்கு படிதான் தெரிகிறது. வத்ஸலா தளிகை பண்ணுகிறாள், நன்றாகவே பண்ணுகிறாள். காப்பி மட்டும் நான் போட்டுக்கொள்கிறேன், அது நன்றாக இல்லை. மோர்மிளகாய் ஜாடி எங்கே இருக்கிறது என்று அடுத்த கார்டில் எழுது. மூன்று வரியில் ஒரு வரியை அதற்கு ஒதுக்கினால் போதும்.

முதல் பிரசவம் பிறந்த வீட்டில் நடப்பதுதான் நம் வழக்கம். மாப்பிள்ளை குமுதாவை அனுப்பச் சௌகரியப்படாது என்று எழுதியதால் நீ போகும்படி ஆயிற்று. அவ்வளவு தூரம் ரயிலில் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அக்கறை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நீ ரயில் ஏறும்போது ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கோபுவிடமிருந்து ஒரு கவர் வந்தது. அவன் பி.ஏ.யில் தத்துவம் எடுத்தவன், பொன்மலை ரயில்வே ஆபீஸில் வேலை என்பதெல்லாம் உனக்குத் தெரியும். தபால் மூலம் லண்டனிலிருந்து மனோதத்துவம் படிக்கிறான் என்பது நமக்குத் தெரியாது. மனிதர்கள் எல்லாரும் உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு ஜாதியாம். அதற்குள் அறிவால் நடப்பவர், உணர்ச்சியால் நடப்பவர் என்று இன்னும் பிரிவுகள். எந்தப் பிரிவுக்கு எந்தப் பிரிவு ஒத்துப்போகும் என்று அட்டவணையே இருக்கிறதாம். ஜாதகத்தில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே அறுபது கேள்விகளை டைப் அடித்து அனுப்பியிருக்கிறான். வத்ஸலா ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுத வேண்டும். அவனும் தனியே எழுதுவான். இரண்டையும் ஒப்பிட்டு மார்க் போடுவான். முப்பத்தாறு வந்தால் பாஸ்.

நீ இதைப் படித்துவிட்டு என்ன சொல்வாய் என்று தெரியும். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது, வேதா. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குக் கேள்வியும் மார்க்கும் பிடிக்காமல் வேறு எது பிடிக்கும்? ஜாதகப் பொருத்தம் பத்துக்கு ஆறுதான் என்று எனக்கு ஏற்கெனவே ஒரு உறுத்தல். அதை இது தீர்த்துவைக்கும்.

வத்ஸலா ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். வாங்கிப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். கூட்டமான இடத்துக்குப் போவது உங்களுக்குச் சந்தோஷமா என்று கேள்வி. இவள் எழுதியிருக்கும் பதில்: தேர் பார்க்கப் போனால் சந்தோஷம், கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கப் போனால் இல்லை. கோபம் வந்தால் வெளியில் காட்டுவீர்களா என்றால், யார்மேல் என்று சொல்லவில்லையே என்று எழுதியிருக்கிறாள். திட்டம் போட்ட பிறகுதான் ஒரு காரியத்தைத் தொடங்குவீர்களா என்ற கேள்விக்கு, அப்பா திட்டம் போடுவார், அதற்குள் நான் முடித்துவிடுவேன் என்று பதில். இப்படி எழுதினால் எவன் மார்க் போடுவான்? ஒன்றிரண்டு இடத்தில் பென்சிலால் திருத்திக் கொடுத்து, ஆம் இல்லை என்று நல்ல காகிதத்தில் எழுதச் சொன்னேன். பேசாமல் எழுதிக் கொடுத்தாள். தபாலில் சேர்த்துவிட்டேன்.

இனி உன் மூன்றாவது வரி. பையன் நல்ல பையன் என்றால் எதைக்கொண்டு? அன்று கோபு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். நீ உள்ளேயிருந்து வந்து "இவனே போதும், முடிச்சுடுங்கோ" என்றாய். ஏன் என்றேன். "மனசுக்குப் பட்டது" என்றாய். மறுபடி ஏன் என்றேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாய்.

என் வகுப்பில் மருதை என்று ஒரு பையன் இருந்தான். அரியமங்கலத்துப் பிள்ளை. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் வழியே எழுதமாட்டான். விடையை மட்டும் எழுதி அடியில் கோடு போட்டுவிடுவான். எப்படி வந்ததடா என்றால், "அப்படித்தான் வரும்னு தோணிச்சு ஸார்" என்பான். பூஜ்யம் போடுவேன். வழி இல்லாத விடைக்கு மார்க் கிடையாது. உனக்கும் அதேதான்.

உன் மனசு தவறாது என்று நீ நினைத்தால் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். குமுதாவைப் பார்க்க நாகபுரி மாப்பிள்ளை வந்த அன்றும் நீ மனசு ஒப்பவில்லை, வேண்டாம் என்றாய். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது. சர்க்கார் உத்தியோகம், நல்ல குடும்பம். இன்று அவர் எவ்வளவு நன்றாக இருக்கிறார்! அன்று உன் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பார்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். குமுதாவை இரண்டு வரி எழுதச் சொல். அவள் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

இப்படிக்கு ஆசீர்வதிக்கும்,
சௌரிராஜன்


ஸ்ரீரங்கம்,
ஆடி மாதம் 17-ந் தேதி

சௌ. வேதவதிக்கு ஆசீர்வாதம்.

பதினொரு நாளாக உன்னிடமிருந்து மூன்று வரிகூட இல்லை. என் கடிதத்தின் பேரில் கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது. நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு. சித்ரான்னம் பண்ண வத்ஸலா காலையிலிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். மோர்மிளகாய் ஜாடியை அவளே கண்டுபிடித்தாள். அரிசிக் குதிருக்குப் பின்னால் அதை எதற்காக ஒளித்துவைத்தாய் என்று கேட்டேன். "உங்ககிட்டேருந்துதான்" என்று சிரிக்கிறாள்.

அவள் சிரித்தது பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன். கோபுவிடமிருந்து மார்க் வந்துவிட்டது. அறுபதுக்கு இருபத்து மூன்று.

நம் பெண் ஃபெயில்! படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. மார்க்கோடு ஒரு சுபாவக் குறிப்பும் டைப் அடித்து வைத்திருந்தான். அப்படியே எழுதுகிறேன், கேள். இந்தப் பெண்மணி ஒழுங்கைப் பெரிதாக மதிப்பவர். எளிதில் சிரிக்கமாட்டார். தாம் சொன்னதே கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும் என்று விரும்புவார். கூட இருப்பவர்கள் செய்யும் சிறு பிழையையும் திருத்தாமல் இவரால் இருக்க முடியாது. இவருடன் வாழ்கிறவர் நாளடைவில் பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

நம் வத்ஸலாவா இது? பூக்காரியோடு வாசலில் அரைமணி நேரம் சிரித்துப் பேசுகிறவளா எளிதில் சிரிக்கமாட்டாள்? கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இந்த லண்டன் சாஸ்திரத்தைக் காவேரியில்தான் விட வேண்டும் என்று சத்தம் போட்டேன். வத்ஸலா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தை வாங்கிப் படித்தாள். இரண்டாவது வரியில் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்காவது வரியில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அப்பா, இது யார்னு உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. மறுநாள் பெருமாள் திருவாராதனத்தில் தீர்த்தம் எடுக்கும்போதுதான் உறைத்தது.

அவள் முதலில் எழுதிய தாளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒன்றிரண்டு இடத்தில் திருத்தினேன் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? நாற்பத்தோரு இடம். தேர்க்கூட்டம் வேண்டாம் என்று எழுதியது நான். கோபத்தை வெளியில் காட்டமாட்டேன் என்று எழுதியதும் நான். அது பொய் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். எல்லாப் பையன்கள் தாளையும் திருத்துகிற மாதிரி என்னையறியாமல் திருத்தியிருக்கிறேன். கோபு ஃபெயில் ஆக்கியது உன் பெண்ணை அல்ல, உன் ஆத்துக்காரனை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். சாஸ்திரம் பொய் இல்லை போலிருக்கிறதே? முகம் தெரியாமல் நாற்பத்தோரு பதிலை வைத்து என்னை அப்படியே பிடித்துவிட்டதே! ஆள்தான் மாறிப் போயிற்று. ஆளைச் சரியாக வைத்து மறுபடி எழுதினால் சரியான மார்க் வரும். இப்படி யோசித்துக்கொண்டு பஸ் ஏறித் தெப்பக்குளத்துக்குப் போனேன். கோபு சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் தன் சிநேகிதன் நஜிமுதீனின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருப்பான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

போய் விஷயத்தைச் சொன்னேன். பாவம், பையன் எழுந்து நின்றுவிட்டான். "மாமா, நான் நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். நாலாவது தடவை, எங்கேயாவது தப்பாக் கூட்டியிருக்கணும்னு ரங்கநாதனை வேண்டிண்டு கூட்டினேன்" என்றான். பக்கத்தில் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த நஜிமுதீன் விடவில்லை. "ஸார், நீங்களாவது சொல்லுங்க. இவன் மார்க்கு அடிச்சு அடிச்சு என் ரிப்பன் தேஞ்சுபோச்சு. பொண்ணைப் புடிச்சிருக்குன்னு ஒரு வரி அடிடான்னா அதுக்கு மட்டும் கை வரமாட்டேங்குது" என்றார். கோபு காது சிவந்து, "தோணறதை நம்பப்படாது மாமா, தோணறது மாறிடும்" என்றான். அதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. மறுபடி பரீட்சை வைப்பது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன்.

வத்ஸலா மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். உன்னைப்போல அடுப்பைப் பார்க்கப் போகாமல் காரணம் சொன்னாள். "ஒரு தடவை என் பதிலை வாங்கிண்டு போய் உங்க பதிலாப் பண்ணினேள். இன்னொரு தடவை எழுதினா அவர் வாங்கி அவர் பதிலாப் பண்ணுவார். என்னை யாரும் படிக்கப் போறதில்லை. நான் எதுக்கு எழுதணும்?" அவ்வளவுதான். தேங்காய் துருவப் போய்விட்டாள்.

நான் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். கோபுவின் தாயார் ஆடி முடிவதற்குள் ஒரு பதில் வேண்டும் என்கிறாள். இல்லாவிட்டால் ஆவணி பிறந்ததும் கும்பகோணத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்களாம். பையன் காகிதம் இல்லாமல் வாயைத் திறக்கமாட்டான். பெண் காகிதத்தைத் தொடமாட்டாள். நீ காகிதத்தில் எழுதவே மாட்டேன் என்கிறாய். இவனைப் பார்த்து உன் மனசுக்கு என்ன பட்டது? ஒரே ஒரு காரணம் எழுது. சின்னதாக இருந்தாலும் போதும். அதைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு பேரையும் கரை சேர்த்துவிடுகிறேன்.

உன்னை மாப்பிள்ளை எப்போது அனுப்புவதாகச் சொல்கிறார்? குமுதா ஏன் எனக்கு எழுதுவதில்லை? குழந்தைக்குப் பெயர் வைத்தீர்களா? பெயர் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது, வேதா. மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சௌரிராஜன்


ஸ்ரீரங்கம்,
ஆடி மாதம் 26-ந் தேதி

என் வேதாவுக்கு,

இதை லூர்துராணி அம்மாள் கையால் நீ வாங்கியிருப்பாய். அவர் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். பக்கத்து வீட்டில் இருக்கும் நர்ஸ், நம் திருச்சி பாலக்கரைக்காரர் என்று அவர் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்குப் பெரிய நமஸ்காரம் சொல். இனி அந்த வீட்டு விலாசத்துக்கு நான் ஒரு வரியும் எழுதமாட்டேன்.

அவர் கடிதம் இன்று காலை வந்தது. வீட்டுக்கு வரும் தபாலை எல்லாம் மாப்பிள்ளை பிரித்துப் படிக்கிறார், போகும் கார்டையும் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுகிறார் என்று எழுதியிருந்தார். நீ மூன்று வரிக்கு மேல் ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. நான் இடம் வெறுமையாக இருக்கிறது என்று பரிகாசம் செய்தேன்.

என் முதல் கடிதத்தை மாப்பிள்ளை குமுதாவுக்கும் உனக்கும் சாப்பாட்டு வேளையில் உரக்கப் படித்துக் காட்டினார் என்றும் எழுதியிருந்தார். உன் மனசு ஒப்பவில்லை, வேண்டாம் என்றாய் என்று நான் கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தேனே, அந்த இடத்தை இரண்டு தடவை படித்தாராம். அதன் பிறகு நடந்ததையும் அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். குமுதாவின் தோளுக்கு மருந்து போட்டது அவர்தான் என்றும் எழுதியிருக்கிறார். அதை நான் இங்கே திருப்பி எழுதமாட்டேன். படித்தது போதும். எழுதிக் கொடுத்தவன் நான், அடி வாங்கியவள் அவள். பச்சை உடம்புக்காரி.

அந்தத் தபால் வந்த நேரத்தில் கோபு இங்கே இருந்தான். அதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கக் கூடிய நல்ல சேதி இந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான்.

அவன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அறுபது கேள்வியை இருபதாகச் சுருக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். "இதுலே ஆம், இல்லையோட, சொல்ல முடியாதுன்னும் ஒரு இடம் விட்டிருக்கேன் மாமா" என்றான். வத்ஸலா உள்ளேயிருந்து வந்து, புதுத்தாளை வாங்கிக்கொள்ளாமல், தன் பழைய தாளை அவன் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவள் எழுதியதும் அதன் மேல் என் பென்சில் அடித்ததுமாக இருந்த தாள். அவன் நின்றுகொண்டே படித்தான். கல்யாணப் பந்தி வந்ததும் சிரித்துவிட்டான். பிறகு வழக்கப்படி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மேலிருந்து கீழே பார்த்தான். மறுபடி மேலே போனான். "இதுக்கு எப்படி மார்க் போடறதுன்னே தெரியலையே மாமா" என்றான். பேனாவை மூடிவிட்டு, இந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டான்.

அப்போதுதான் தபால்காரர் குரல் கொடுத்தார். நான் கவரைப் பிரித்துப் படித்தேன். பாதியில் எழுத்து மறைந்துவிட்டது. வத்ஸலா வாங்கிப் படித்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். எப்படித் தெரியும், காரணம் கேட்டேனே, சொல்லவில்லையே என்றேன். அந்த நிலையிலும் அதைத்தான் கேட்டேன், பார்த்துக்கொள்.

அவள் சொன்னாள். நாகபுரிக்காரர் பார்க்க வந்த அன்று, குமுதா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே வந்ததும் நீ அவள் கையைப் பிடித்துப் பார்த்தாயாம். சித்திரை மாத வெயிலில் கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்ததாம். "அவர் ஒண்ணும் தப்பாப் பேசலை, ஆனா என்னமோ பயமா இருக்கும்மா" என்று குமுதா சொன்னாளாம். அதை வைத்துத்தான் நீ வேண்டாம் என்றாய். நீ என்னிடம் கையைப் பற்றிச் சொன்னாய் என்றும் வத்ஸலா சொல்கிறாள். நான் "பெண் குழந்தை, வெட்கம்" என்று சொல்லிவிட்டு ஜாதகத்தை எடுத்தேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை, வேதா. ஒன்பது பொருத்தமும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு, கோபு அங்கேயே நிற்கிறான் என்பதை மறந்துவிட்டாளோ, மறக்கவில்லையோ, தெரியாது. "வைகாசியிலே இவர் வந்தப்பவும் அம்மா என் கையைப் பிடிச்சுப் பார்த்தா. வெதுவெதுன்னு இருந்தது. எனக்கு இவரைப் பார்த்தா பயமா இல்லைப்பா. அவ்வளவுதான் தெரியும். அதுக்கு எந்தக் கேள்வியும் இந்த அறுபதுலே இல்லை" என்றாள்.

நீ வழியை மறைத்துவைக்கவில்லை. நான்தான் வழியைப் பார்த்து, அது வழி இல்லை என்று அடித்துவிட்டேன். மருதைக்கு நான் போட்ட பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவன் விடை ஒன்றுகூடத் தப்பாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கோபு செய்ததைச் சொல்கிறேன். அவன் ஒன்றும் தேற்றவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "மாமா, நாளன்னிக்குக் கிளம்பினா பட்டணத்திலே எக்ஸ்பிரஸைப் பிடிச்சுடலாம். நீங்க தனியாப் போக வேண்டாம், நானும் வரேன். ஆபீஸ்லே பாஸ் வாங்கிடறேன்" என்றான். சம்பந்தம் நிச்சயமாகாத வீட்டு விவகாரம், உன் தாயார் என்ன சொல்வாரோ என்றேன். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான். ஒவ்வொன்றுக்கும் நாலு தடவை கூட்டிப் பார்க்கிறவன்! திட்டம் போட்ட பிறகுதான் காரியத்தைத் தொடங்குவாயா என்ற கேள்விக்கு நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன். ஆம் என்று எழுதியதாகச் சொன்னான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது தப்பு போலிருக்கு" என்றான்.

அவன் வாசல் தாண்டும்போது, மார்க் வேண்டாம், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம், ஆனால் குமுதா இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் முகூர்த்தம் என்று வத்ஸலா சொல்லச் சொன்னதாகச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், அப்படிப் பட்டது, சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் வழி எழுதாமல் நான் போட்ட முதல் விடை அதுதான்.

ஆகவே நாங்கள் இரண்டு பேரும் 28-ந் தேதி கிளம்புகிறோம். 30-ந் தேதி அங்கே இருப்போம். ஆடியில் கிளம்பலாமா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். பெண்ணை வீட்டுக்கு அழைத்துவர மாதம் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவள் பிறந்த வீட்டுக்கு வந்து இருப்பது நம் வழக்கம், அழைத்துப் போக வந்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்வேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டால் சொல்லமாட்டேன். ஏன் இப்போது என்று கேட்டால் காரணமும் சொல்லமாட்டேன். அனுப்பும்வரை அவர் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்த பொறுமை இதற்காவது பயன்படட்டும். ஊர் பேசும். பேசட்டும். ஒன்பது பொருத்தம் பார்த்தபோது ஊர் நன்றாகத்தான் பேசியது.

நீ ஒன்றும் பெரிதாகக் கட்டிவைக்க வேண்டாம், அவர் கண்ணில் படும். குழந்தையின் துணி நாலு எடுத்துவைத்தால் போதும். மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்ளலாம். பழைய தொட்டிலை வத்ஸலா பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டாள்.

கோபுவின் சுபாவக் குறிப்பில் கடைசி வரி ஒன்று இருந்ததே, இவருடன் வாழ்கிறவர் நாளடைவில் பேச்சைக் குறைத்துக்கொள்வார் என்று. மாப்பிள்ளைக்குப் பயந்து நீ மூன்று வரி எழுதினாய், சரி. இந்த வீட்டில் நீ மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டதற்கு அவர் காரணம் இல்லை. ரயிலில் திரும்பி வரும்போது இரண்டு நாள் இருக்கிறது. நீ பேசு. நான் இடையில் திருத்தமாட்டேன்.

குமுதாவிடம் அப்பா வருகிறேன் என்று மட்டும் சொல். அவளுக்கு என் ஆசீர்வாதத்தை எழுத எனக்கு யோக்யதை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் கை இப்போது எப்படி இருக்கிறது என்று நீ எழுத வேண்டாம். நானே வந்து பிடித்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன்
சௌரிராஜன்